கூரை இல்லாத கோயிலும் பாட்டியின் துவைகல்லும்

மகள் பிரான்சில், நார்மண்டிப் பக்கம் ரூவான் நகரத்தில் படிக்கிறாள். போன அக்டோபரில் இரண்டு வாரம் அவளோடு போய்த் தங்கினேன். கிளம்புவதற்கு முன்பே அவளிடம் ஒன்று சொல்லி வைத்திருந்தேன். எனக்கு பாரிஸ் வேண்டாம், ஈஃபில் கோபுரம் வேண்டாம், பேர் லாவால் (பேர் என்றால் பிரெஞ்சில் ஃபாதர்) நடந்த மண்ணை ஒரு தடவை மிதித்துவிட்டு வந்தால் போதும்.

மொரீஷியஸ்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பேர் லாவால் என்று நாங்கள் கூப்பிடும் ஜாக் தெசிரே லாவால் 1803-ல் நார்மண்டியில் பிறந்தவர், முதலில் டாக்டர், பிறகு பாதிரியார். 1841 செப்டம்பரில் எங்கள் தலைநகரான போர்ட் லூயி வந்து இறங்கி, அடிமைத்தனத்திலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த கருப்பின மக்களோடு கடைசி வரை வாழ்ந்து, 1864-ல் இங்கேயே இறந்தார். போர்ட் லூயி ஓரத்தில் இருக்கும் சேன்த் குருவாவில் அவர் சமாதி இருக்கிறது. ஒவ்வொரு செப்டம்பர் 8 ராத்திரியும் தீவின் நாலா மூலையிலிருந்தும் ஜனங்கள் நடந்தே அங்கே போகிறார்கள். கத்தோலிக்கர், இந்து, முஸ்லிம், சீனர் என்று கணக்கே இல்லை. என் பாட்டி கைலாசம் கோயிலில் சொக்கலிங்கம் மீனாட்சிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, அதே ஈரப் புடவையோடு பேர் லாவால் சமாதியில் போய்க் கையை வைத்து நிற்பாள். கண்ணாடிக்குப் பின்னால் படுத்திருக்கும் அந்த வெள்ளைக்காரச் சாமியாரின் உருவத்தைப் பார்த்து, "இவரும் நம்மள மாதிரி கப்பல்ல வந்தவர்தான்" என்று சொல்வாள். எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். அந்த வார்த்தை மனதில் ஒட்டிக்கொண்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லாவால் குருவாக இருந்த பேன்தர்வில் என்ற சின்ன ஊருக்கு முதலில் போனோம். அமைதியான ஊர். கோயில் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம், கொண்டு போயிருந்த காதோ பிமாவைத் தின்றோம் (நம் பருப்பு வடைதான், தீவுக்கு வந்ததும் பெயர் மாறிவிட்டது), பாட்டியை நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்தது அந்த ஊரைப் பற்றி இல்லை, மறுநாள் போன இடத்தைப் பற்றி.

லாவாலைத் தன்னோடு கப்பலில் கூட்டி வந்தவர் ஆயர் கோலியர். அவர் பெனடிக்டின் துறவி. பெனடிக்ட் என்ற புனிதரைத் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்று அழகாகச் சொல்வார்கள். கோலியர் மட்டும் இல்லை, 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் போர்ட் லூயிக்கு வந்த முதல் ஆயர்கள் ஸ்லேட்டர், மாரிஸ், கோலியர் மூன்று பேருமே இந்த ஆசீர்வாதப்பர் சபையைச் சேர்ந்தவர்கள். எங்கள் தீவுக் கத்தோலிக்கர்களின் கதையில் இந்தச் சபைக்கு அப்படி ஓர் இடம் உண்டு. அதே சபையின் மிகப் பழைய மடம் ஒன்று ரூவானிலிருந்து அரை மணி நேரக் கார் தூரத்தில் இடிந்து நிற்கிறது என்று தெரிந்ததும் போகாமல் இருக்க மனம் வரவில்லை. இடத்தின் பெயர் ஜுமியேஜ்.

மகளோடு படிக்கும், எங்கள் பக்கத்துத் தீவான ரியூனியனைச் சேர்ந்த பையன் ஒருவன் கார் ஓட்டி வந்தான். குடும்பப் பெயர் சுத்தமான தமிழ்ப் பெயர், ஆனால் தமிழ் ஒரு சொல் தெரியாது. எங்கள் கிரியோலும் (பிரெஞ்சிலிருந்து வளர்ந்த தீவுப் பேச்சு) அவர்கள் கிரியோலும் கொஞ்சம் கொஞ்சம் இடிக்கும், இருந்தாலும் பேசிச் சமாளித்துவிடலாம். என்னை தாந்தீன், அதாவது அத்தை, என்றுதான் கூப்பிட்டான்.

சேன் நதி அந்த இடத்தில் பாம்பு மாதிரி பெரிய பெரிய வளைவாகப் போகிறது. ஒரு வளைவுக்குள்ளே ஜுமியேஜ். வழியெல்லாம் ஆப்பிள் தோட்டம், வாசலில் மேசை போட்டுப் பழம் விற்கும் வீடுகள், வைக்கோல் கூரை போட்ட பழைய வீடுகள்கூட உண்டு. ஒரு திருப்பத்தில் மரங்களுக்கு மேலே இரண்டு வெள்ளைக் கோபுரம் தெரிந்தது. கீழே சதுரம், மேலே போகப் போக எட்டுப்பட்டை, இரண்டும் 46 மீட்டர் உயரம். தூரத்திலிருந்து பார்க்கும்போது முழுக் கோயில்தான். இடிந்த இடம் என்று யார் சொன்னது என்று தோன்றும்.

உள்ளே போய் அந்த இரண்டு கோபுரத்துக்கும் நடுவில் இருக்கும் வாசலைத் தாண்டியதும் தலைக்கு மேலே வானம்.

இரண்டு பக்கமும் சுமார் 25 மீட்டர் உயரத்துக்குச் சுவர் அப்படியே நிற்கிறது, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு வளைவுகள், ஒரு தூண் தடியாக அடுத்தது மெல்லியதாக மாறி மாறி வருகிறது, எல்லாம் சேன் பள்ளத்தாக்கின் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். கூரை மட்டும் இல்லை. காலுக்குக் கீழே புல். நேரே நடந்தால் நடுக் கோபுரத்தைத் தாங்கிய பிரம்மாண்டமான வளைவு ஒன்று வரும், அதற்கு மேலே அந்தக் கோபுரத்தின் ஒரே ஒரு பக்கச் சுவர் ஆகாயத்தில் தனியாக நிற்கிறது. மற்ற மூன்று பக்கமும் போய்விட்டது. அந்த வளைவைத் தாண்டினால் நாம் கருவறை என்று சொல்லும் இடம், பலிபீடமும் துறவிகள் நின்று பாடின இடமும் இருந்த பகுதி. அங்கே புல்லில் சுவரின் அடித்தடம்தான் இருக்கிறது, ஓரத்தில் ஒன்றிரண்டு துண்டு. காற்று அடித்தது. காக்கைகள் மேல் ஜன்னலில் உள்ளே நுழைந்து எதிர் ஜன்னலில் வெளியே போய்க்கொண்டிருந்தன. நான் செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், பிறகு கழற்றினேன். புல் ஈரமாக இருந்தது. மகள் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

இதன் கதை நீளம், எனக்கு முக்கியமாகப் பட்டதை மட்டும் சொல்கிறேன். 654-ல் ஃபிலிபேர் என்ற துறவி, அரசன் இரண்டாம் குளோவிஸும் அரசி பத்தில்தும் கொடுத்த நிலத்தில் இந்த மடத்தை ஆரம்பித்தார். 841-ல் வட நாட்டுக் கடல் கொள்ளைக்காரர்களான வைகிங்குகள் சேன் நதி வழியாகப் படகில் ஏறி வந்து கொள்ளையடித்துத் தீ வைத்தார்கள். அடுத்த நூற்றாண்டில், அதே வைகிங்குகளின் வம்சத்தில் வந்த நார்மண்டிப் பிரபு ஒருவனே மடத்தை மறுபடி எழுப்பினான். இப்போது நாம் பார்க்கும் பெரிய கோயிலை 1040-ல் தொடங்கி 1067 ஜூலை 1-ல் குடமுழுக்குச் செய்தார்கள். இங்கிலாந்தைப் பிடித்து ஒரு வருடம்கூட ஆகாத நார்மண்டிப் பிரபு வில்லியம் அதில் வந்து நின்றான். கட்டத் தொடங்கிய மடாதிபதி ரொபேர் பின்னால் இங்கிலாந்தின் தலைமைக் குருவான காண்டர்பரிப் பேராயராகவே ஆனவர். நம் ஆதீனங்கள் மாதிரி நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்: நிலம், குத்தகை, திராட்சை, மீன் பிடிக்கும் உரிமை, வழிப்போக்கருக்குச் சாப்பாடு, ஏடு எழுதுதல், அரசனோடு உறவு, அரசனோடு சண்டை எல்லாமே உண்டு. எல்லாவற்றுக்கும் நடுவில், ஒரு நாளைக்கு எட்டு வேளை, நடு ராத்திரியிலும் எழுந்து, துறவிகள் அந்தக் கல்லுக்குள் நின்று சங்கீதம் பாடுவார்கள். ஆசீர்வாதப்பர் எழுதிக் கொடுத்த ஒழுங்கு 73 அதிகாரம். அதில் ஜெபத்துக்கு என்ன இடமோ கை வேலைக்கும் அதே அளவு மதிப்பு.

841 தீவைப்பைப் பற்றி ஒரு விஷயம் என்னை விடவே இல்லை. மடம் பாழானபின் அங்கிருந்து ஒரு குருவானவர் பாட்டுப் புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு இன்றைய சுவிட்சர்லாந்தில் இருக்கும் சேன்ட் கால் மடம் வரை போய்ச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அல்லேலூயா பாடும்போது கடைசி எழுத்தை நீட்டி நீட்டி ஓர் ஆலாபனை பாடுவார்கள், சொல்லே இல்லாமல் வெறும் இராகம். அதை மனப்பாடம் செய்ய முடியாமல் நோட்கர் என்ற இளம் துறவி தவித்துக்கொண்டிருந்தார். ஜுமியேஜிலிருந்து வந்த புத்தகத்தில் அந்த ஆலாபனைக்குக் கீழே சொல் போட்டு எழுதியிருந்தது. அதைப் பார்த்துத்தான் நோட்கர் தாமும் எழுத ஆரம்பித்து, அந்த வகைப் பாட்டுக்கே பெயர் பெற்றவரானார். இதை அவரே தம் முன்னுரையில் எழுதி வைத்திருக்கிறார். வெந்துபோன மடத்திலிருந்து ஓர் ஏடு தப்பி, அதிலிருந்து ஒரு பாட்டு மரபு துளிர்க்கிறது. எனக்குச் சிதம்பரத்தில் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகள்தான் ஞாபகம் வந்தன. செல்லரித்தது போக மீந்ததை நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எத்தனை வருடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! மீந்தது என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று அந்தப் புல்லில் வெறுங்காலோடு நிற்கும்போதுதான் தெரிந்தது.

அப்புறம் அந்தப் பையன் கேட்டான். "தாந்தீன், இவ்வளவு பெரிய கோயில், இவங்க கிட்ட பணமும் இருக்கு. ஏன் திரும்பக் கட்டாம விட்டிருக்காங்க?"

நல்ல கேள்வி. எங்கள் தீவிலிருந்து யார் வந்து பார்த்தாலும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இடித்தது வைகிங் இல்லை, போர் இல்லை. வியாபாரம். பிரெஞ்சுப் புரட்சி வந்து 1790-ல் துறவிகள் வெளியேற, மடம் அரசாங்கச் சொத்தாகி ஏலத்துக்குப் போனது. 1802-ல் அது ஒரு மர வியாபாரியின் கைக்கு வந்தது. அவனுக்கு அது கோயில் இல்லை, வெட்டி வைத்த கல் குவியல். மலையில் போய்க் கல் உடைப்பதைவிட இது சுலபம், ஏற்கெனவே சதுரமாகச் செதுக்கி வைத்திருக்கிறதே! வெடி வைத்துக் கருவறைப் பக்கத்தைத் தகர்த்துக் கல்லை விற்றான். சுற்றுப்பட்டு ஊர்களின் வீட்டுச் சுவர், தோட்டச் சுவர் எல்லாம் இந்தக் கல். ஒரு பகுதி கடல் தாண்டி இங்கிலாந்துக்கும் போனது. தெற்குக் கரையில் ஹைகிளிஃப் என்ற இடத்தில் ஒரு பிரபு கட்டின மாளிகையில் ஜுமியேஜ் கல் இன்றைக்கும் இருக்கிறது. பிறகு வந்த சொந்தக்காரர்கள் இடிப்பதை நிறுத்தினார்கள். 1852-ல் வாங்கின குடும்பம் மீந்ததைப் பொத்திப் பாதுகாத்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அரசு வாங்கியது, 2007 முதல் அந்த வட்டார நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கிறது.

ஆக, திரும்பக் கட்டினால் எதைக் கட்டுவது? போன கல் எங்கெங்கோ யார் யார் வீட்டிலோ இருக்கிறது. புதுக் கல் வெட்டிக் கட்டினால் அது 2020களின் கோயிலாக இருக்குமே தவிர 1067-ன் கோயிலாக இருக்காது. இப்போது இருப்பது கட்டினவன் கதையையும் சொல்கிறது, இடித்தவன் கதையையும் சொல்கிறது. கட்டிவிட்டால் இரண்டாவது கதை மறைந்துவிடும். நான் அந்தப் பையனிடம் இப்படித்தான் சொன்னேன், ஆனால் சொல்லும்போதே வேறோர் இடம் கண் முன்னால் வந்துவிட்டது.

சில வருடங்களுக்கு முன்னால் தமிழ்நாடு போனபோது கங்கைகொண்ட சோழபுரம் போனேன். ராஜேந்திர சோழன் அந்தக் கோயிலைக் கட்டியது 1030களில், அதாவது ஜுமியேஜில் வேலை தொடங்குவதற்குச் சில வருடம்தான் முன்னால். இங்கே இந்தத் துறவிகள் வெள்ளைக் கல்லைப் படகில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே நம் சிற்பிகள் சண்டேசருக்கு ஈசன் பூச்சூட்டும் சிற்பத்தைச் செதுக்கி முடித்திருப்பார்கள். அந்தக் கோயிலின் சுற்று மதிலுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? 1836 வாக்கில் கொள்ளிடத்தில் கீழணை கட்டும்போது மதில் கல்லையும் கோபுரக் கல்லையும் பெயர்த்துக்கொண்டு போய் அணைக்கட்டில் போட்டார்கள். அங்கே சோறு போடும் அணை, இங்கே வீட்டுச் சுவர். கல்லுக்கு விலை இருந்தது, கோயிலுக்கு இல்லை. அணைக்கரைப் பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, அந்தத் தண்ணீரில்தான் என் பாட்டன் வழி ஜனங்கள் நெல் போட்டிருப்பார்கள். ஆனால் மனம் கனத்தது.

இனி எங்கள் ஊர்.

எங்கள் தீவில் மத்திய காலக் கட்டடம் எதுவும் இல்லை. எங்களுக்கு இருக்கும் பாழ் என்றால் சர்க்கரை ஆலைதான். 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சின்னத் தீவில் இருநூறுக்கும் மேல் ஆலைகள் ஓடின. ஒவ்வொன்றாக மூடி, இன்று கரும்புக் காட்டுக்கு நடுவில் கருங்கல் புகைபோக்கிகள் தனித்தனியாக நிற்கின்றன. அதற்குள் கல் வேலை தெரிந்தவர்களின் கை இருக்கிறது. லா பூர்தொனே ஆளுநராக இருந்த 1730களிலேயே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தனார்களும் கைவினைஞர்களும் இங்கே வந்து போர்ட் லூயியைக் கட்டினார்கள். ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கிய 1834-க்கு நூறு வருடம் முன்னாலேயே. இதை எங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஃபிளாக் பக்கம் எங்கள் ஊருக்கு வெளியே இருந்த ஆலை என் அம்மா பிறப்பதற்கு முன்பே நின்றுவிட்டது. ஆலையின் கல்லை ஊரே எடுத்துக்கொண்டது. பாட்டி வீட்டின் பின்புறம் குழாயடியில் துணி துவைக்கும் கல் ஒன்று கிடக்கும், சாதாரணக் கல் இல்லை, ஆறு பக்கமும் செதுக்கிய நீளக் கல். ஒரு முனையில் கட்டைவிரல் நுழையும் அளவு ஒரு குழி, குழியின் விளிம்பு துருப் பிடித்துச் சிவந்திருக்கும். ஆலைக் கதவின் கீல் இறங்கின குழி அது என்று தாத்தா சொன்னார். சின்ன வயதில் அதில் தண்ணீர் ஊற்றி எறும்பை நீந்த விட்டு விளையாடியிருக்கிறேன். மேல்பக்கம் பாட்டி துவைத்துத் துவைத்து நடுவில் பள்ளம் விழுந்து, கையால் தடவினால் சோப்புக் கட்டி மாதிரி வழுவழுவென்று இருக்கும். பாட்டி போனபின் வீட்டை இடித்துக் கான்கிரீட்டில் கட்டினார்கள். கல்லை யாரோ லாரியில் ஏற்றிவிட்டார்கள். கல் உடைக்கும் ஆலைக்குப் போய் ஜல்லியாகி எந்த ரோட்டிலோ கிடக்கும். அதற்காக நான் அழுதது அப்போது வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

இதை ஜுமியேஜில் மகளிடம் சொன்னேன். அவள் அந்தக் கல்லைப் பார்த்ததே இல்லை. அந்த ஊர் வீதியில் நடக்கும்போது ஒரு வீட்டுத் தோட்டச் சுவரில் மற்றக் கல்லோடு சேராமல் தனியாகத் தெரிந்த ஒரு வெள்ளைக் கல்லைக் காட்டி, "அம்மா, இது அங்கேருந்து வந்ததா இருக்குமா?" என்றாள். ஓரத்தில் உளி போட்ட அச்சு, ஒரு வளைவின் துண்டு மாதிரி. நிச்சயமாகச் சொல்ல நான் யார்? ஆனால் அவள் இனி எந்தச் சுவரையும் சும்மா தாண்டிப் போக மாட்டாள் என்பது அவள் குனிந்து பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

திரும்பும்போது வேண்டுமென்றே படகுத்துறைக்குப் போய்க் காரோடு சேன் நதியைக் கடந்தோம். காசு வாங்குவதில்லை. ஐந்து நிமிடம்கூட இல்லை. மறு கரைக்குப் போகப் போக அந்தக் கோபுரங்கள் மரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. வைகிங்கும் இதே தண்ணீரில்தான் வந்தான்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால் எங்கள் ஊர்க் கோயில் விஷயம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு இப்போது நல்ல ராஜகோபுரம் இருக்கிறது, தமிழ்நாட்டுச் சிற்பிகள் வந்து கட்டியது, வண்ணமெல்லாம் பூசிப் பளபளவென்று நிற்கிறது. எனக்கு அது பிடிக்கும், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கோயிலின் பின்னால், மாமரத்தடியில், தோட்டத்துக் கூலிகள் தங்கள் கையால் கட்டின முதல் கோயில் இருக்கிறது. கோயில் என்றால் நாலு ஆள் நிற்கக்கூடிய கருங்கல் அறை. கரும்புக் காட்டைச் சுத்தம் பண்ணும்போது எடுத்த கல். பவளப்பாறையைச் சூளையில் சுட்டு எடுத்த சுண்ணாம்பில் கட்டியது, அந்தக் காலத்தில் தீவு முழுக்க அந்தச் சுண்ணாம்புதான். தகரக் கூரை ஒரு புயலில் போயிற்று, அதற்குப் பிறகு யாரும் போடவில்லை. ஒரு சுவரில் மேலிருந்து கீழ் வரை விரிசல். உள்ளே அம்மன் இல்லை, அவளைப் புதுக் கோயிலுக்கு எழுந்தருளச் செய்து எத்தனையோ வருடம் ஆகிறது. ஒரு காவடித் தண்டும் உடைந்த அகல் விளக்குகளும்தான் கிடக்கின்றன.

நிர்வாகத்தில் இருப்பவர்கள் அதை இடித்துவிட்டு அன்னதானக் கூடம் கட்ட வேண்டும் என்கிறார்கள். நல்ல மனிதர்கள்தான், எல்லாரும் எனக்கு அண்ணன் தம்பி முறை. "அக்கா, பாழடைஞ்ச இடத்துல விளக்கும் ஏத்தறதில்ல, குடும்பத்துக்கு ஆகாது. பாம்பு வரும். எதுக்கு வெச்சிக்கிட்டு?" என்கிறார்கள். பாழ் என்றால் அமங்கலம் என்ற பயம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. இடிந்த கோயில் ஊருக்கு ஆகாது என்று எல்லாத் தமிழ் ஊரிலும் சொல்வார்கள். அந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. அந்தப் பயத்தில்தான் எத்தனையோ கோயிலைத் திரும்பத் திரும்ப எடுத்துக் கட்டி உயிரோடு வைத்திருக்கிறோம், கும்பாபிஷேகம் என்பதே அதற்காகத்தானே. ஆனால் புதுக் கோயில் பக்கத்திலேயே உயிரோடு இருக்கும்போது, இந்த நாலு சுவரைச் சுவராகவே விட்டு வைத்தால் யாருக்கு என்ன கெடுதல்? எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஜனங்கள் ஒரு சீட்டுக்கூட எழுதி வைக்கவில்லை. அவர்கள் பதிவேடு இந்தச் சுவர் ஒன்றுதான். ஒப்பந்தக் கூலிகள் போர்ட் லூயியில் வந்து இறங்கிய துறை, அப்ராவாசி காட். அதன் 16 படிக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற மரியாதை 2006-ல் கிடைத்தது. அந்தப் படியில் ஏறி வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கட்டின அறைக்கு நாம் ஒரு வேலியாவது போட மாட்டோமா?

போன மாதக் கூட்டத்தில் ஜுமியேஜ் படங்களை மடிக்கணினியில் போட்டுக் காட்டினேன். முதலில் கோபுரத்தின் படம், அதற்கு எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு உள்ளே வானம் தெரியும் படம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான கொத்தனார்தான் கேட்டார், "கூரை இல்லாம சுவத்த எப்படிம்மா காப்பாத்துறாங்க? மழை மேலேருந்து உள்ள இறங்குமே?"

அந்தக் கேள்விதான் விஷயமே. கூரை போன சுவருக்கு எமன் பக்கவாட்டு மழை இல்லை, மேல் விளிம்பில் இறங்கும் தண்ணீர். நார்மண்டியில் அது உள்ளே உறைந்து கல்லைப் பிளக்கும், எங்கள் ஊரில் அதிலே செடி முளைத்து வேர் பிளக்கும். அதனால் சுவரின் தலையைச் சரிவாகப் பூசி மூடி, தண்ணீர் தேங்காமல் வழிந்தோட விட வேண்டும். பூசுவது சுண்ணாம்பாக இருக்க வேண்டும், சிமெண்ட் கூடாது. சிமெண்ட் இறுகிப் பாறையாகிவிடும், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் பழைய சுண்ணாம்பை அரித்துவிடும். சுண்ணாம்பு மூச்சு விடும். நம்மவர்கள் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலந்து அரைத்த சாந்துக்கு எத்தனை நூற்றாண்டுச் சாட்சி இருக்கிறது. இதை நான் விளக்கப் போனால் கொத்தனார் கையைக் காட்டி நிறுத்திவிட்டு மிச்சத்தை அவரே சொன்னார். அவர் அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருந்ததாம். "எங்கப்பா சாந்துல ஆலைச் சர்க்கரப் பாகு ஊத்துவாரு" என்றார். எனக்கு மெய் சிலிர்த்தது.

மறுநாள் காலை அவரே வந்தார். நானும் போனேன். பையிலிருந்து ஒரு நீள ஆணியை எடுத்து இரண்டு கல்லுக்கு நடுவில் மெதுவாகச் சுரண்டினார். வெள்ளைத் தூள் உள்ளங்கையில் விழுந்தது, அதில் கண்ணுக்குத் தெரியும் அளவில் ஒரு சின்னச் சிப்பித் துண்டு. விரலால் நசுக்கிப் பார்த்தார், உடையவில்லை. "இது இன்னும் உசுரோட இருக்கும்மா" என்றார். விரிசலுக்குள் கையை விட்டு, அது அடிமானத்திலிருந்து வரவில்லை, மேலே முளைத்த அரசங்கன்றின் வேர்தான் பிளந்திருக்கிறது என்று காட்டினார். கன்று என் இடுப்பு உயரம் இருக்கும். வெட்டினால் திரும்பத் தழையும், வேரோடு எடுக்க வேண்டும், எடுக்கும்போது மேல் வரிசைக் கல் நாலைந்து கழன்று வரும், அவற்றுக்கு எண் போட்டு வைத்து அதே இடத்தில் வைக்க வேண்டும் என்றார். சுண்ணாம்புக் கட்டியால் ஒவ்வொரு கல்லிலும் தமிழ் எண் போடுங்கள் என்றேன். க, உ, ௩ என்று நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார், ௪-க்கு மட்டும் கை நின்றது, நான் தரையில் எழுதிக் காட்டினேன்.

நிர்வாகம் இன்னும் சரி என்று சொல்லவில்லை. தைப்பூசக் காவடி முடியும் வரை எதையும் தொடுவதில்லை என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், அது வரைக்கும் நேரம் இருக்கிறது. புயல் காலம் வந்துவிட்டது, அதனால் போன ஞாயிறு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து சுவர்த் தலையில் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டினோம், அரசங்கன்றுக்கு மட்டும் நடுவில் ஓட்டை விட்டு. சுண்ணாம்பு யாரிடமாவது நல்ல பழைய முறையில் சுட்டது கிடைக்குமானால், ரோட்ரிக்ஸ் தீவில் கிடைத்தாலும் சரி, எனக்கு எழுதுங்கள். கடுக்காய் மகள் டிசம்பரில் வரும்போது பாரிஸ் தமிழ்க் கடையிலிருந்து வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.